பதினோரடி வண்டிக்கு ஓர் இடம்

என் மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு வாரம் எங்களைக் கேரவனில் ஊர் சுற்ற அனுப்பி வைத்தாள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அதை நிறுத்துவதற்கென்றே அங்கே மைதானங்கள் உண்டு. வாசலில் இருக்கும் பெண் வண்டியின் நீளத்தைக் கேட்பாள், எண் போட்ட புல்தரை ஒன்றைக் காட்டுவாள், மின்சாரம் எடுக்கும் கம்பத்தைக் காட்டுவாள், அதோடு சரி. மறுநாள் கிளம்பும்வரை ஒருவரும் நம் பக்கம் திரும்ப மாட்டார்கள். கரூர் ஜவுளிக் கம்பெனியில் காலமெல்லாம் டெலிபோனில் கத்தியே ஓய்வு பெற்ற எனக்கு அது சொர்க்கமாக இருந்தது.

என் மனைவி மல்லிகாவுக்கு அப்படி இல்லை. ஒருநாள் காலை ஏரிக்கரையில் காபியோடு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "ஏங்க, சுடுகாட்டுல கூட நாலு பேரு நின்னு பேசுவாங்க. இங்க என்னங்க இப்படி?" என்றாள். நான் ஏரியைக் காட்டினேன். அவள் ஏரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கிக் கரூரில் பாடி கட்டும் பட்டறையில் விட்டது. கட்டில், அடுப்பு மேடை, சின்னக் கழிப்பறை, கூரையில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, ஓர் ஏசி. திரைச்சீலைத் துணி எடுக்க மட்டும் நான்கு கடை ஏறி இறங்கினேன். மல்லிகா பட்டறைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அவள் தம்பி சேகர் மட்டும் அடிக்கடி வந்தான். பரோட்டாக் கடை வைத்திருப்பவன். வண்டியின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்து, "மாமா, இங்க ஒரு ஜன்னலை வெட்டிட்டோம்னா கல்லு கச்சிதமா உக்காந்துரும்" என்றான். வீட்டுக்கு வந்து முறையிட்டேன். அவன் அக்காவோ, "நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

வாக்குவாதம் முற்றிக் கடைசியில் மல்லிகா ஒரு நிபந்தனை வைத்தாள். "மூணு ராத்திரி போவோம். அதுல ஒரே ஒரு ராத்திரி நீங்களும் நானும் இந்த வண்டிக்குள்ள தூங்கி எந்திரிக்கணும். நடந்துச்சுன்னா வண்டி உங்களுது. இல்லேன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேகர் வெல்டரோட வந்துருவான்." ஒரு ராத்திரி என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, மேலிருந்து எடுத்த படத்தில் எந்த மாவட்டம் அதிகம் காலியாகத் தெரிகிறது என்று தேடினேன். புதுக்கோட்டை தெரிந்தது. பொட்டலும் கண்மாயுமாக, ஆளே இல்லாதது போல.

முதல் நாள் திருமயம். கோட்டையின் அடிவாரத்தில் நிறுத்தலாம் என்றுதான் என் எண்ணம். கோட்டைக்கு ஆட்சேபம் இல்லை, புளியமரத்துக்குத்தான் இருந்தது. எங்கள் வண்டியின் உயரம் கூரைத் தொட்டியோடு சேர்த்துப் பதினோரு அடி. நம் ஊரில் வண்டியின் நீளத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, சந்து எவ்வளவு குறுகலானாலும் நான்கு பேர் கூடி வளைத்துக் கொடுத்துவிடுவார்கள். உயரம்தான் பிரச்சினை. கிளை, கேபிள் வயர், தோரணம், ஊருக்கு ஊர் நுழைவாயில் வளைவு. நான் ஒரு கவைக்கம்பு வாங்கி வைத்திருந்தேன். மல்லிகா இறங்கிப் போய் அந்தக் கம்பால் வயரைத் தூக்கிப் பிடிப்பாள், நான் ஊர்ந்து போவேன். அவள் முகத்தில் அப்போது இருந்த பொறுமை எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

டீக்கடையில் விசாரித்தேன். வடை போட்டுக்கொண்டிருந்தவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ளேயே படுக்கிற வண்டியா? அப்ப மண்டபத்துக்குப் போங்க. அங்கிட்டு பஸ்ஸே நேரா உள்ள போவும்."

எனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் இல்லாதது என்ன? உயரமான கேட், சமதரை, தண்ணீர்க் குழாய், விளக்கு, பிளக் பாயிண்ட், வாட்ச்மேன். நியூசிலாந்துக்காரன் இதைப் பார்த்தால் நட்சத்திரம் போட்டிருப்பான். மேலாளர் எங்களைப் பார்த்துச் சிரித்து, "நாளைக்கு முகூர்த்தம் இருக்கு. ஓரமா நிறுத்திக்கங்க. யாரும் ஒங்களை ஒண்ணும் கேக்க மாட்டாக" என்றார்.

அவர் சொன்னபடியே யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் பெண் வீட்டார் இரண்டு வேன்களில் வந்து இறங்கினார்கள். மீசையை முறுக்கிவிட்ட ஒருவர் எங்கள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பெண்ணின் தாய்மாமன். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கூவினார்.

"ஏத்தா, மாப்பிள வீட்டுல பொண்ணு சிங்காரிக்கக் கேரவனே அனுப்பி வச்சிருக்காக! சினிமாக்காரவுக வச்சிருப்பாகள்ல, அது!"

நான் வாயைத் திறப்பதற்குள் மணப்பெண், ஐந்தாறு தோழிகள், மேக்கப் போடும் பெண், அவளுடைய பெட்டிகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. உள்ளேயிருந்து, "டிரைவரண்ணே, ஏசியக் கொஞ்சம் கூட்டுங்க" என்று ஒரு குரல். கூட்டினேன். வேறென்ன செய்ய?

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா தன் ஆட்களோடு வந்தார். பெண் எங்கள் வண்டிப் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் சுருங்கியது. பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தீயளா? பொண்ணு வீட்டுக்காரவுக கேரவன் வச்சிருக்காக. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நம்மளால முடியாதுன்னு நெனச்சுட்டாக போல" என்றார். பிறகு வருத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டு, பெண்ணின் அப்பாவான சம்பந்தியிடம் போய், "ஏற்பாடெல்லாம் பிரமாதமுங்க" என்றார். சம்பந்தியும், "எல்லாம் ஒங்க ஏற்பாடுதானே" என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். இருவருமே அடுத்தவர் பேச்சை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இது யார் வண்டி என்று கேட்டால் தாங்கள் ஏற்பாடு செய்யவில்லை என்பது வெளியே வந்துவிடுமே என்று இரண்டு வீட்டாரும் கேட்காமலே இருந்தார்கள்.

நான் உண்மையைச் சொல்லிவிடக் கிளம்பினேன். மல்லிகா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? இப்பப் போயி இது எங்க வண்டின்னு சொன்னா ரெண்டு வீட்டுக்கும் மூஞ்சி என்ன ஆகும்? கல்யாணம் நடக்கட்டும், பேசாம இருங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவள் உதட்டோரத்தில் இருந்தது நியாயம் இல்லை, சிரிப்பு.

டிரைவர்கள் பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். கவுனி அரிசி இனிப்பு, வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. பணியாரம் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமாக இருந்தது. பக்கத்து இலைக்காரர் பெண் வீட்டு வேன் டிரைவர். "ஒங்களுக்குப் பரவாயில்லண்ணே, ஏசி வண்டி" என்று பெருமூச்சு விட்டார். அன்றிரவு எங்கள் கட்டிலில் மணப்பெண்ணும் தோழிகளும், மணமகள் அறையில் அத்தைமார்களோடு மல்லிகா, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான்.

தாலி கட்டி முடிந்து நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் மாலையும் கழுத்துமாக ஓடி வந்தாள். "அக்கா, கர்ட்டன் கலரு செமையா இருக்கு. நீங்களா எடுத்தீங்க?"

"ஆமாம்மா" என்றாள் மல்லிகா, கண்ணை இமைக்காமல்.

இரண்டு வீட்டிலிருந்தும் தனித்தனியாகத் தாம்பூலப் பை வந்தது. வண்டிக்குள் ஏறினால் மல்லிகைப்பூவும் பவுடரும் கலந்து மணத்தது. கண்ணாடியில் மூன்று ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. நான் அவற்றைச் சுரண்டப் போனேன். "இருக்கட்டும் விடுங்க" என்றாள்.

இரண்டாம் நாள் குடுமியான்மலை. பாறையில் வரிவரியாகச் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்களே, அதன் முன்னால் வெகுநேரம் நின்றோம். அங்கே அமைதி இருந்தது. நான் தேடிக்கொண்டிருந்த அமைதி. மல்லிகாவும் ஒன்றும் பேசாமல் நின்றாள். இன்றைக்கு நடந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போது அவள், "இவ்வளவும் எழுதி வச்சவருக்கு ஆளு வந்து பாடிக் காட்டணும்னு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!" என்றாள். நம்பிக்கை பாதியாகக் குறைந்தது.

ஊருக்கு வெளியே ஓர் இடம் பார்த்தேன். சிமெண்டு போட்ட களம். கடலையும் நெல்லும் காயப்போடுவதற்காகக் கட்டியது. மட்டம் பார்க்கும் குமிழியை வைத்துப் பார்த்தேன், நடுவில் நின்றது. மேலே வயர் இல்லை, கிளை இல்லை. பக்கத்திலேயே பம்புசெட்டு. நான்கு திசையிலும் வயல். இதைவிடப் பொருத்தமான இடத்தை யாராலும் கட்டித் தர முடியாது.

களத்துக்காரர் முத்துக்கருப்பன், வயலிலிருந்து கைகாலைக் கழுவிக்கொண்டு வந்தார். என் வயசுக்குக் கொஞ்சம் குறைவு. விஷயத்தைச் சொன்னேன்.

"தாராளமா நிறுத்துங்க. இங்கிட்டுத் தள்ளி நிறுத்துங்க, வெயிலு படாது. சரி, வாங்க வீட்டுக்கு."

"இல்லீங்க, நாங்க வண்டியிலேயே..."

"வண்டி நிக்கட்டும். நீங்க வாங்க."

"வண்டியிலேயே படுக்கத்தாங்க வந்திருக்கோம்."

முத்துக்கருப்பன் என்னை உற்றுப் பார்த்தார். கோபம் இல்லை, ஆனால் மனசு நொந்த முகம். "எனக்கு மாடி வச்ச வீடு இருக்குங்க. என் களத்துக்கு வந்தவுக வண்டிக்குள்ள சுருண்டு படுத்தாகன்னா நாளைக்கு டீக்கடையில என்னைய என்ன பேசுவாக? எங்க வீட்டுல சோறு இல்லயா, பாய் இல்லயா?"

நான் நியூசிலாந்தைப் பற்றி விளக்கினேன். அங்கெல்லாம் இப்படித்தான், வீட்டுக்காரர் கவலைப்படவே மாட்டார் என்றேன். "அப்ப அந்த ஊருல ஆளுக சரியில்லைங்க" என்று முடித்துவிட்டார். மல்லிகா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு தலையாட்டினாள்.

நானும் லேசில் விடவில்லை. முதுகுவலி, வண்டிக் கட்டில்தான் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் யோசித்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டோம் என்று நான் காலை நீட்டிய நேரத்தில், வாடிவாசலில் அவிழ்த்துவிடும் தன் காளையைக் கொண்டு வந்து வண்டிப் படிக்கு நேராகக் கட்டினார்.

"காவலுக்குங்க. களவு போயிறக் கூடாதுல்ல. நீங்க இருட்டுனப்பறம் மட்டும் கதவத் தெறக்காதீங்க. புது ஆளுன்னா இவன் கொஞ்சம் கோவப்படுவான்."

காளை என்னைப் பார்த்தது. நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பையை எடுத்துத் தோளில் போட்டிருந்தாள்.

அவர் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. மல்லியும் மிளகும் அம்மியில் அரைத்தது என்று குழம்பே சொன்னது. என் மனைவி இரண்டாம் தடவை சோறு வாங்கினாள், நான் மூன்றாம் தடவை. முத்துக்கருப்பனின் மனைவி பஞ்சவர்ணத்துக்கு வண்டியைப் பார்க்க வேண்டும். காளை அவளுக்குப் பழக்கம் என்பதால் அவள் கொம்பைப் பிடித்துத் தள்ளிவிட்டு மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடும் சத்தம் களத்துக்கு இந்தப் பக்கம் கேட்டது. "இந்தச் சந்துக்குள்ள அஞ்சறைப்பெட்டிக்கு எடம் விட்டுருக்கீகளே! யாருக்கு வரும் இந்த யோசனை?" என்றாள் பஞ்சவர்ணம். பட்டறைக்காரரோடு நான் மல்லுக்கு நின்று போடவைத்த தட்டு அது. "ஒரு யோசனைதான்" என்று மல்லிகாவின் குரல் அடக்கமாகச் சொன்னது.

விடிந்ததும் களத்துக்குப் போனேன். காளை அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. வண்டியைச் சுற்றிக் கடலை காயப் போட்டிருந்தார்கள், கால் வைக்க இடமில்லை. வண்டிக் கதவு திறந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு முத்துக்கருப்பன் இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"காவலுக்குத்தான் படுத்தேன்" என்றார். பிறகு மனசு கேட்காமல், "அந்த ஏசி இருக்கே, அது நெஞ்சுக்கு நேரா வருதுங்க. நல்லா வச்சிருக்கீக" என்றார்.

கடலையைக் கூட்டி வழிவிட அவர்களுக்கு மனசு வரும்வரை, அதாவது இட்லியும் குழம்பும் முடியும்வரை, நாங்கள் காத்திருந்தோம். வண்டிக்குள் ஒரு மூட்டை பச்சைக் கடலை ஏறியிருந்தது. கட்டிலில் விபூதி வாசனை.

மூன்றாம் நாள், கடைசி வாய்ப்பு. மனிதர்கள் மிச்சம் வைத்திருக்கும் இடம் கடல் ஒன்றுதான் என்று கோட்டைப்பட்டினம் பக்கம் திருப்பினேன். வழியில் பெட்ரோல் பங்கில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். மனிதர்களிடம் எதற்கும் போய் நிற்கக்கூடாது என்று ஒரு வைராக்கியம். கடற்கரையில் மணல் முன்சக்கரத்தை விழுங்கியதோடு வைராக்கியம் தீர்ந்தது.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வந்து தள்ளினார்கள். தள்ளியவர்களில் காதர் பாய் ஒருவர். பெரிய தொப்பையும் பெரிய சிரிப்பும். சவுதியில் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். வண்டியைப் பார்த்ததும் கண் கலங்காத குறைதான்.

"அண்ணே, நிறுத்த எடந்தானே? நம்ம மனை இருக்கு. சுத்திக் காம்பவுண்டு, தண்ணி, லைட்டு எல்லாம் உண்டு. வீடு மட்டும் இன்னும் கட்டல."

அது போதுமே! வீடு இல்லாத மனையில் யாரும் என்னை வீட்டுக்குள் படுக்கச் சொல்ல முடியாதல்லவா? சந்தோஷத்தில், அவர் குடியிருக்கும் வாடகை வீடு அடுத்த தெருவில் இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்டேன்.

காதர் பாய் ஏறிக்கொண்டார். தெருமுனையில் அவர் மனைவி நூர்ஜகான், அவருடைய நாத்தனார், பக்கத்து வீடுகளின் பெண்கள், பிள்ளைகள் என்று எல்லோரும் வண்டியைப் பார்க்கவென்று ஏறினார்கள். மனை வாசலில் இரும்பு வளைவு ஒன்று நின்றது. பச்சைப் பெயிண்டில் பூவேலை, நடுவில் 'பரக்கத் இல்லம்' என்று எழுத்து. இல்லம் வருவதற்கு முன்னாலேயே பெயர் வந்து நின்றுவிட்டது. வளைவுக்குக் கீழே வண்டி நுழையும்போது தெருவே கூடிக் கையாட்டியது. "வரலாம், வரலாம், லெப்ட்டு ஒடி, வரலாம்... ஓல்டேன்!" தொட்டிக்கும் பரக்கத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. உள்ளே போய்விட்டோம்.

அந்த மனை அற்புதம். நான்கு பக்கம் சுவர், ஒரு தென்னை, கடல் காற்று. நாற்காலி இரண்டை எடுத்துப் போட்டேன். ஒன்றில் நான், ஒன்றில் மல்லிகா, பேசாமல் வானத்தைப் பார்ப்பது. இதற்காகத்தான் நான் அத்தனையும் செய்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியில் நூர்ஜகானின் மாமியார் உட்கார்ந்தார்.

பொழுது சாய்வதற்குள் மனை நிறைந்துவிட்டது. இடியாப்பம், அவர்கள் ஆணம் என்கிற மீன் குழம்பு, நெய்ச்சோறு என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வந்தது. மல்லிகா எங்கள் வண்டி அடுப்பைப் பற்றவைத்துக் களத்துக் கடலையை வேகவைத்துக் கொடுத்தாள். இந்த வண்டி அடுப்பை அவள் பற்றவைத்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே நடப்பதை எட்டிப் பார்த்தேன். கட்டிலில் ஐந்து பெண்கள், தரையில் நான்கு பேர். மல்லிகா திருமயத்துக் கல்யாணக் கதையை, மாப்பிள்ளை அப்பாவின் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி சிரிப்பில் ஆடியது.

நான் மெல்லக் கூப்பிட்டேன். "மல்லிகா, இன்னிக்குத்தான் கடைசி ராத்திரி."

"தெரியும்."

"நாம ரெண்டு பேரும்னு நிபந்தனை."

"அதுவும் தெரியும். இவங்கள்லாம் இங்கயே படுத்துக்கறாங்களாம். பொம்பளைங்க படுக்கிற எடத்துல நீங்க எப்படி? காதர் பாயோட அவங்க வீட்டுக்குப் போயிப் படுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். என் கதவு. நான் தேர்ந்தெடுத்த கைப்பிடி.

எனக்கு உண்மையிலேயே துக்கமாகிவிட்டது. பரோட்டாக் கடையை நினைத்து அல்ல. ஒரு ராத்திரி, என்னோடு, பேசாமல் இருக்க அவளுக்கு மனசில்லையே என்று. காதர் பாய் என் தோளில் கைபோட்டுக் கூட்டிப் போனார். வீட்டில் பாயை விரித்து, தம்மாமிலிருந்து ரியாத் போகிற சாலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது நேரான சாலையாம். வளைவே கிடையாதாம். அவர் முடிப்பதற்குள் தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. "பசியாறிட்டுத்தான் போகணும்" என்று நூர்ஜகான் சொன்னதால் பசியாறினோம். சாயங்காலத்துக்குள் கரூர் போயாக வேண்டும், அங்கே சேகர் வெல்டரோடு வருவான். காதர் பாய் ஆசைப்பட்டுக் கேட்டதால் அவரே ஓட்டினார். வண்டி வளைவுக்குக் கீழே போனது. டங் என்று ஒரு சத்தம்.

நேற்று ஒரு விரல் இடைவெளியில் நுழைந்த வண்டி இன்றைக்கு இரண்டு விரல் உயர்ந்து நின்றது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. பெண்கள் எல்லோரும் காலையில் குளித்துத் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். பாரம் குறைந்ததும் வில்பட்டை நிமிர்ந்து வண்டி தலை தூக்கிவிட்டது.

தண்ணீர் பிடிக்கலாம் என்றால் கரண்டு இல்லை, சாயங்காலம்தான் வரும் என்றார்கள். டயரில் காற்றைப் பிடுங்கலாம் என்றால் திரும்ப அடிக்க வேண்டும், காற்றடிக்கும் கடை ஜும்மா தொழுகை முடிந்துதான் திறக்கும்.

"வளைவ அறுத்துறலாம்ணே" என்றார் காதர் பாய், குரலைத் தாழ்த்தி. "ஆனா நூர்ஜகான் என்னைய அறுத்துருவா."

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மல்லிகா இடுப்பில் கைவைத்து வளைவைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள்.

"நேத்து உள்ள வர்றப்ப வண்டிக்குள்ள யாரு யாரு இருந்தோம்?"

அவ்வளவுதான். தெரு முழுக்க ஆள் போயிற்று. நேற்று ஏறியவர்கள் ஏறினார்கள். தண்ணீருக்குப் பதிலாக நேற்று ஏறாதவர்களும் ஏறினார்கள். மாமியார்களுக்குக் கட்டில், பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில், மீதிப் பேர் நின்றபடி. மல்லிகா டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, "இன்னும் பின்னாடி தள்ளுங்க, பின்னாடி எடம் இருக்கு" என்று கண்டக்டரைப் போல அதட்டினாள். நான் வெளியே நின்று தொட்டியைப் பார்த்துக் கையாட்டினேன். வண்டி மெல்ல அமுங்கியது. இன்னும் நூலளவு இடித்தது.

"யாராச்சும் ஒரு ஆளு கொறையுது" என்றார் காதர் பாய்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெருவில் வேறு யாரும் மிச்சமில்லை.

"அண்ணே, நீங்களும் ஏறுங்க."

"எங்க ஏற? எடம் எங்க இருக்கு?"

"கக்கூஸுக்குள்ள இருக்குங்க!" என்று உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் வந்தது.

மூன்று நாட்களில் என் வண்டிக்குள் எனக்குக் கிடைத்த முதல் இடம் அது. மூடியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். முழங்கால் கதவில் இடித்தது. யாரோ ஒரு பெண் கதவைத் திறந்து, வழிக்குச் சாப்பிட முட்டையும் தேங்காய்ப்பாலும் கலந்து அவித்த வட்டிலப்பப் பாத்திரத்தை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பச் சாத்தினாள். வண்டி நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மல்லிகாவின் கைப்பேசி அடித்தது. அவள் எப்போதும் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துத்தான் பேசுவாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க? வெல்டர்கிட்ட நாலு மணின்னு சொல்லியிருக்கேன். மாமா வண்டியில தூங்கினாரா?"

"எங்கடா தூங்கினாரு? ஒரு ராத்திரி கூடத் தூங்கல."

"அப்ப தோத்துட்டாரு!"

"தோத்துட்டாருதான்."

கழிப்பறைக்குள் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப வண்டி நமக்குத்தானேக்கா?"

"நமக்கு இல்லடா, எனக்கு" என்றாள் மல்லிகா. "வெல்டரை வர வேணாம்னு சொல்லிரு. அடுத்த மாசம் நானும் நூர்ஜகானும் ஏர்வாடி போறோம். பஞ்சவர்ணமும் வாரேன்னு சொல்லியிருக்கா. கடைக்கு உனக்கு என்னமாவது வேணும்னா, மாமா சும்மாதான் இருக்காரு, கூட்டிட்டுப் போ. மாவு பிசைவாரு."

வண்டி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் வண்டி இன்னும் ஒரு நூல் கீழே அமுங்கியிருக்க வேண்டும். தலைக்கு மேல் பரக்கத் இல்லம் உரசாமல் கடந்து போனதை நான் காதால் கேட்டேன். வண்டிக்குள் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒவ்வொருவராக இறங்கும் சத்தம் கேட்டது. நானும் இறங்கலாம் என்று கதவைத் தட்டினேன்.

"இருங்க இருங்க" என்றாள் மல்லிகா. "தெரு முனையில கேபிள் வயரு தொங்குது. அது தாண்டுற வரைக்கும் அப்படியே உக்காந்திருங்க."

உட்கார்ந்திருந்தேன். மடியில் வட்டிலப்பம் இன்னும் சூடாக இருந்தது.